ஒரே பெயர், வேறு வேறு ஊர்: பல்கேரியச் சிற்றூர்கள் சொல்லும் சரித்திரம்

(முன்னாள் மாணவன், பி.ஏ. வரலாறு, 1977–80)

பல்கேரியா நாட்டில் பியாலா என்று ஒரு ஊர் இருக்கிறது. ரூஸே மாகாணத்தில், யாந்த்ரா ஆற்றங்கரைப் பக்கம். அதே பல்கேரியாவில் பியாலா என்று இன்னொரு ஊரும் இருக்கிறது. அது வர்னா மாகாணத்தில், கருங்கடல் ஓரத்தில். இரண்டும் சட்டப்படி நகரங்கள். இரண்டும் தத்தம் மாகாணத் தலைநகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு சாலை வழியே போனால் 200 கிலோமீட்டருக்குக் குறையாது. இவை போதாதென்று ஸ்லிவென் மாகாணத்தில் பியாலா என்று ஒரு கிராமமும் உண்டு.

அஞ்சல் துறையில், அதுவும் கடிதம் பிரிக்கும் பிரிவில், முப்பத்து நான்கு வருடம் குப்பை கொட்டியவன் நான். ஒரே பெயரில் இரண்டு ஊர் இருந்தால் யாருக்குத் தலைவலி என்று எனக்குத் தெரியும். பல்கேரியத் தபால்காரர்கள் நாலு இலக்க அஞ்சல் குறியீட்டை வைத்துத் தப்பித்துக்கொள்கிறார்கள். ரூஸே பக்கத்துப் பியாலா 7-இல் ஆரம்பிக்கும், வர்னா பக்கத்துப் பியாலா 9-இல் ஆரம்பிக்கும். அவ்வளவுதான், கடிதம் சரியாகப் போய்விடும். ஆனால் கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டால் விஷயம் முடிந்துவிடுகிறதா? ஏன் ஒரே பெயர், யார் வைத்தது, யார் மாற்றியது என்று கேட்கத் தொடங்கினால் ஒரு தேசத்தின் ஆயிரம் வருடக் கதை வெளியே வருகிறது. பணி ஓய்வுக்குப் பிறகு, மகள் ஆராய்ச்சிப் படிப்புக்காக சோபியாவில் இருந்த சமயம் ஆறு வாரம் அங்கே தங்கினேன். அப்போது பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. மலர்க்குழு நண்பர்கள் "ஏதாவது எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டபோது இதைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

முதலில் நாட்டைப் பற்றி நாலு வரி. பல்கேரியா சிறிய தேசம். 2021 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை சுமார் 65 லட்சம். நகரங்கள் 250-க்குச் சற்று மேல். கிராமங்களையும் சேர்த்தால் ஊர்கள் 5,000-க்கு மேல். பதினான்காம் நூற்றாண்டின் கடைசியில் துருக்கிய ஒட்டோமன் பேரரசின் கைக்குப் போன நாடு இது. 1877–78 ரஷ்ய-துருக்கியப் போருக்குப் பிறகுதான் தனி அரசாகத் தலைதூக்கியது. கிட்டத்தட்ட ஐந்து நூற்றாண்டு! இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் பெயர்களின் கதை புரியும்.

மண் கொடுத்த பெயர்கள்

பியாலா என்றால் 'வெள்ளை'. பெண்பால் சொல். வெண்மண்ணோ வெண்பாறையோ கண்ணில் பட்ட இடத்துக்கெல்லாம் ஜனங்கள் இயல்பாக வைக்கிற பெயர். இதில் யாரும் யாரைப் பார்த்தும் காப்பியடிக்க வேண்டியதில்லை. ஆனால் பெயர் ஒன்றானாலும் ஊரின் நினைவு வேறு. ரூஸே பக்கத்துப் பியாலாவில் யாந்த்ரா ஆற்றின் மேல் 276 மீட்டர் நீளக் கல் பாலம் ஒன்று உண்டு. 1865–67இல் கட்டியவர் நிகொலா ஃபிச்செவ். ஜனங்கள் செல்லமாக 'கோல்யோ ஃபிச்சேதோ' என்பார்கள். கட்டச் சொன்னவர் ஒட்டோமன் ஆளுநர் மித்ஹத் பாஷா. 1897 வெள்ளத்தில் ஒரு பகுதி இடிந்து, பிறகு பழுது பார்த்தார்கள். அதே ஊரில்தான் 1877இல் ரஷ்யப் படையின் தலைமை முகாம் இருந்தது. காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ள வந்த ரஷ்யச் சீமாட்டி யூலியா வ்ரேவ்ஸ்கயா, 1878இல் அங்கேயே விஷக்காய்ச்சலில் இறந்தார். துர்கனேவ் அவர் நினைவாக ஒரு வசன கவிதை எழுதியிருக்கிறார். கடலோரப் பியாலாவுக்கு இந்தக் கதை எதுவும் கிடையாது. அதன் சொத்து கடலும் திராட்சைத் தோட்டமும்தான்.

வெள்ளையைப் போலவே மரமும் செடியும் தண்ணீரும் ஊர்ப் பெயர்களைக் கொடுத்தன. 'தர்ன்' என்றால் முள். அதிலிருந்து டர்னோவோ. 1185 முதல் 1393 வரை இரண்டாம் பல்கேரியப் பேரரசின் தலைநகராக இருந்த பெரிய ஊர் அது. தென்கிழக்கே ஸ்திராஞ்ஜா மலைக்காட்டில், இன்றைய துருக்கி எல்லைக்குப் பக்கத்தில், இன்னொரு டர்னோவோ. அது மால்கோ டர்னோவோ, அதாவது 'சின்ன டர்னோவோ'. சின்னதுக்கு எப்போதோ அடைமொழி வந்துவிட்டது. பெரியதுக்கு 'வெலிகோ' என்ற அடைமொழி அதிகாரப்பூர்வமாகச் சேர்ந்தது 1965இல்தான். பெரிய மனுஷன் தன்னைப் பெரியவன் என்று சொல்லிக்கொள்ள வேண்டிய அவசியம் வெகு காலம் வரவில்லை போலும்.

'கோர்னா' என்றால் மேல், 'டோல்னா' என்றால் கீழ். கோர்னா ஒர்யாகோவித்சாவும் டோல்னா ஒர்யாகோவித்சாவும் பக்கத்துப் பக்கத்து நகரங்கள். இரண்டிலும் ஒளிந்திருப்பது 'ஒரெஹ்', அதாவது வால்நட் மரம். மேலே இருப்பது பெரிய ரயில்வே சந்திப்பாக வளர்ந்துவிட்டது, கீழே இருப்பது சிறிய ஊராகவே நின்றுவிட்டது. கருவாலி மரமான 'தப்' கொடுத்தது கோர்னி டப்னிக், டோல்னி டப்னிக் என்ற ஜோடியை. 1877 அக்டோபரில் பிளெவன் முற்றுகையின்போது ரஷ்யப் படை கடும் சேதத்தோடு ஜெயித்த சண்டை கோர்னி டப்னிக்கில்தான் நடந்தது. போல்ஸ்கோ கோஸோவோ, கோர்ஸ்கோ கோஸோவோ என்று இரண்டு கிராமங்கள் உண்டு. முன்னது சமவெளிக் கோஸோவோ, பின்னது காட்டுக் கோஸோவோ. 'கோஸ்' என்பது ஒரு கறுப்புப் பறவை. செய்தித்தாளில் படித்த கோஸோவோவுக்கும் அதே பறவைதான் பெயர் கொடுத்தது. பறவைக்கு எல்லைக்கோடு ஏது?

வெந்நீர் ஊற்றுக்குப் பேர்போன நாடு அது. 'பான்யா' என்றால் குளியல் தலம். சபரேவா பான்யா, டோல்னா பான்யா என்று அடைமொழியோடு இரண்டு நகரங்கள். அடைமொழியே இல்லாமல் வெறும் பான்யா என்று கார்லோவோ பக்கம் ஒரு நகரம், ரஸ்லோக் பக்கம் ஒரு கிராமம். சோபியாவின் ஒரு பகுதிக்கு கோர்னா பான்யா என்று பெயர். "பான்யாவுக்குப் போகணும்" என்று மொட்டையாகச் சொன்னால் எதிரே இருப்பவர் "எந்தப் பான்யா?" என்று கேட்காமல் விடமாட்டார்.

ரயில் வந்ததும் இன்னொரு வகை ஜோடி முளைத்தது. 'காரா' என்றால் ஸ்டேஷன். மலைமேல் லகட்னிக் என்ற கிராமம், கீழே இஸ்கர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ரயில் நிலையத்தைச் சுற்றி காரா லகட்னிக். அதே போல போவ், காரா போவ். ஸ்டேஷன் பழைய ஊரின் பெயரைக் கடன் வாங்கியது, பிறகு கடை, வீடு எல்லாம் ஸ்டேஷனைச் சுற்றியே வந்தது. கோஸ்தெனெத்ஸில் இது இன்னும் வேடிக்கை. கோஸ்தெனெத்ஸ் நகரம், கோஸ்தெனெத்ஸ் கிராமம் இரண்டும் ஒரே நகராட்சிக்குள் இருக்கின்றன. ஸ்டேஷன் பக்கத்து ஊர் நகரமாகிவிட்டது, மூத்தது கிராமமாகவே இருக்கிறது.

சந்தை கொடுத்த பெயர்கள்

துருக்கிய ஆட்சியின் நூற்றாண்டுகளில் ஊர்ப் பெயர்களில் துருக்கிய மொழி கலந்தது. அதில் முக்கியமானது சந்தை. வெள்ளிக்கிழமை கூடும் சந்தைக்கு 'ஜுமா'. ஜும்மாத் தொழுகை என்று நமக்குத் தெரிந்த அதே அரபுச் சொல்தான். வடகிழக்கே எஸ்கி ஜுமாயா, 'பழைய வெள்ளிச் சந்தை'. தென்மேற்கே ஸ்த்ரூமா பள்ளத்தாக்கில் கோர்னா ஜுமாயா, 'மேல் வெள்ளிச் சந்தை'. மேல் என்று ஒன்று இருந்தால் கீழ் என்று ஒன்று இருக்க வேண்டுமே? இருந்தது. டோல்னா ஜுமாயா அதே பள்ளத்தாக்கில் தெற்கே இருந்தது. 1912–13 பால்கன் போர்களுக்குப் பிறகு போட்ட எல்லைக்கோடு இரண்டையும் பிரித்தது. கீழ்ச் சந்தை கிரேக்க நாட்டுக்குப் போய் இராக்லியா ஆயிற்று. மேல்ச் சந்தை பல்கேரியாவில் நின்று 1950இல் பிளகோயெவ்கிராத் ஆயிற்று. இன்றைக்கு வரைபடத்தைப் பார்ப்பவனுக்கு இரண்டும் அண்ணன் தம்பி என்று தெரிய வழியே இல்லை.

'பஸார்' என்ற சொல்லும் அப்படித்தான். நோவி பஸார், அதாவது 'புதுச் சந்தை', பல்கேரியாவின் ஷூமென் மாகாணத்தில் ஒரு சிறு நகரம். செர்பியாவிலும் நோவி பஸார் உண்டு, அது இன்னும் பெரியது. இரண்டும் துருக்கியில் 'யெனி பஸார்' என்று இருந்ததன் மொழிபெயர்ப்பு. 'சின்னச் சந்தை' என்ற பொருளில் இரண்டு பஸார்ஜிக்குகள் இருந்தன. தாத்தார் பஸார்ஜிக் முன்பகுதியை உதறிவிட்டு இன்று வெறும் பஸார்ஜிக்காக இருக்கிறது. ஹாஜியோக்லு பஸார்ஜிக் என்ற மற்றது, 1882இல் பதினான்காம் நூற்றாண்டு ஆட்சியாளன் தொப்ரொதித்சாவின் பெயரால் தோப்ரிச் ஆனது.

இந்தத் தோப்ரிச்சின் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 1913இல் அந்த ஊர் ருமேனியாவுக்குப் போனது. அங்கே அதற்குப் பழைய பஸார்ஜிக்கே பெயர். 1940இல் கிரயோவா ஒப்பந்தப்படி பல்கேரியாவுக்குத் திரும்பியது, மறுபடி தோப்ரிச். 1949இல் சோவியத் மார்ஷல் தோல்புகினின் பெயர் வந்தது. 1990இல் மீண்டும் தோப்ரிச். 1935இல் அங்கே பிறந்து தொண்ணூறு வயது வரை ஊரை விட்டு நகராத ஒருவரை நினைத்துப் பாருங்கள். பிறந்தது பஸார்ஜிக்கில், பள்ளிக்கூடம் போனது தோப்ரிச்சில், கல்யாணம் செய்து வேலை பார்த்தது தோல்புகினில், பென்ஷன் வாங்கியது மறுபடி தோப்ரிச்சில். வீடு மட்டும் அதே தெருவில்! அவருடைய பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பென்ஷன் புத்தகம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், தெரியாதவர்கள் பெரிய ஊர் சுற்றி என்றுதான் நினைப்பார்கள்.

1934: ஒரு பேனாவின் வேலை

1934 மே 19 அன்று சோபியாவில் ராணுவத்தினரின் துணையோடு ஆட்சி கவிழ்ந்தது. புதிதாக வந்த அரசு அதே ஆண்டு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களின் துருக்கியப் பெயர்களை ஒரே மூச்சில் மாற்றியது. போரில்லை, துப்பாக்கியில்லை, பேனாவும் முத்திரையும்தான்.

மாற்றிய விதம் மூன்று. ஒன்று, மொழிபெயர்ப்பு. கவக்லி என்ற ஊர் தொபொலோவ்கிராத் ஆனது. துருக்கியில் 'கவக்', பல்கேரியத்தில் 'தொபொலா', இரண்டும் பாப்லர் மரந்தான். எஸ்கி ஜுமாயா 'சந்தைத்தலம்' என்ற பொருளில் தர்கோவிஷ்தே ஆனது. ருமேனியாவிலும் ஒரு பழைய தலைநகருக்கு இதே பெயர்தான், ஆக ஒரு ஜோடி கலைந்து வேறொரு ஜோடி சேர்ந்தது. இரண்டாவது, தலைவர்கள் பெயர். ஓர்ஹானியே 1934இல் போத்தெவ்கிராத் ஆனது. மூன்றாவது, பழைய மன்னர்கள் பெயர். ஒஸ்மான் பஸார் ஒமுர்தாக் ஆனது, கெமன்லார் இஸ்பெரிஹ் ஆனது, பல்புனார் குப்ரத் ஆனது.

இந்த மூன்றாவது வகையில் ஒரு சிரிப்பு ஒளிந்திருக்கிறது. குப்ரத், இஸ்பெரிஹ், ஒமுர்தாக் எல்லோரும் ஏழாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளின் பழம் பல்கர் கான்கள். அவர்கள் பேசியது ஸ்லாவ் மொழியல்ல, துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மொழி என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. துருக்கியப் பெயரை அழிக்க வேண்டும் என்று தேடிப்போய், துருக்கிய உறவுள்ள வேறு பெயரைக் கொண்டுவந்து வைத்தார்கள்! சரித்திரத்துக்கு நகைச்சுவை உணர்வு உண்டு என்று எங்கள் பேராசிரியர் ஒருவர் வகுப்பில் சொல்வார். அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

வீரர்களின் பெயர்கள்

பல்கேரிய விடுதலை வீரர்களில் முதல் வரிசையில் நிற்பவர் வசில் லெவ்ஸ்கி. 1837இல் கார்லோவோ ஊரில் பிறந்தார். ஊர் ஊராக ரகசியக் குழுக்கள் அமைத்தார். 1873 பிப்ரவரியில் சோபியாவில் தூக்கிலிடப்பட்டார். பிளெவன் மாகாணத்தில் கராகாச் என்றிருந்த ஊருக்கு விடுதலைக்குப் பிறகு லெவ்ஸ்கி என்று பெயர் வைத்தார்கள். 1953இல் அவர் பிறந்த கார்லோவோவுக்கே லெவ்ஸ்கிகிராத் என்று பெயர் வைத்தார்கள். ஆகவே சில வருடம் நாட்டில் ஒரு லெவ்ஸ்கி, ஒரு லெவ்ஸ்கிகிராத், அதோடு வசில் லெவ்ஸ்கி என்ற பெயரில் சில கிராமங்கள்! 1962இல் கார்லோவோ தன் பழைய பெயருக்கே திரும்பியது.

கார்லோவோவுக்குப் பக்கத்து ஊர் சோபோத். இவான் வாசோவ் பிறந்த ஊர். அதற்கும் 1950 முதல் 1965 வரை வாசோவ்கிராத் என்று பெயர் இருந்தது, அதுவும் நிலைக்கவில்லை. வாசோவின் புகழ்பெற்ற 'நுகத்தடியின் கீழ்' நாவல் நடக்கும் ஊருக்கு அவர் வைத்த பெயர் பியாலா செர்க்வா, 'வெள்ளைக் கோயில்'. அது சோபோத்தின் சித்திரம். ஆனால் அதே பெயரில் நிஜமாகவே ஒரு நகரம் வெலிகோ டர்னோவோ மாகாணத்தில் இருக்கிறது. நாவலைப் படித்துவிட்டு வழி கேட்டுக்கொண்டு அங்கே போய் இறங்கினால் நாவலின் ஊர் கிடைக்காது!

இன்னொருவர் கியோர்கி ராகோவ்ஸ்கி (1821–1867). புரட்சிக்காரர், எழுத்தாளர். பல்கேரிய மொழி சமஸ்கிருதத்துக்கு மிக நெருக்கமானது, தன் இனத்தார் ஆதியில் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்றெல்லாம் எழுதியவர். மொழியியலாளர்கள் இன்று அதை ஏற்பதில்லை என்றாலும், அடிமைப்பட்ட தேசம் தன் வேரை எவ்வளவு தூரம் தேடிப் போகும் என்பதற்கு அது ஒரு சாட்சி. மாரித்சா ஆற்றோரத்தில் அவர் பெயரில் ராகோவ்ஸ்கி என்று ஒரு கிராமம் இருந்தது. 1947இல் வேறு இரண்டு கிராமங்களோடு சேர்ந்து ஒரு புதிய நகருக்குள் மறைந்தது. 1966இல் பிளோவ்திவ் பக்கம் செகிரொவோ, ஜெனரல் நிகொலாயெவோ, பர்ச்செவிச் என்ற மூன்று கத்தோலிக்கக் கிராமங்களைச் சேர்த்து ஒரு நகரம் ஆக்கினார்கள். அதற்கு வைத்த பெயர் ராகோவ்ஸ்கி! ஓர் இடத்தில் மறைந்த பெயர் இன்னோர் இடத்தில் முளைத்தது. 2019 மே மாதம் போப் பிரான்சிஸ் வந்து சிறுவர்களுக்குத் தேவநற்கருணை வழங்கிய ராகோவ்ஸ்கி இந்த இரண்டாவதுதான்.

நோவோ செலோ என்றால் 'புதூர்'. விதின், பிளோவ்திவ், ரூஸே என்று பல மாகாணங்களில் நோவோ செலோக்கள் உண்டு. 1876 ஏப்ரல் கிளர்ச்சியில் பங்கெடுத்த ஒரு நோவோ செலோவும் மலையடிவாரத்தில் இருந்தது. கிளர்ச்சியின் நூற்றாண்டான 1976இல் அதையும் அக்கம்பக்கத்து மூன்று கிராமங்களையும் சேர்த்து அப்ரில்த்ஸி, அதாவது 'ஏப்ரல்காரர்கள்', என்று நகரமாக்கினார்கள். கௌரவம்தான். ஆனால் கிளர்ச்சியில் இறங்கிய ஜனங்கள் தங்கள் ஊரை நோவோ செலோ என்றுதான் சொல்லிக்கொண்டார்கள் என்பதையும் நினைக்க வேண்டியிருக்கிறது.

மூன்று திமித்ரோவ்கிராத்

மேலே சொன்ன, ராகோவ்ஸ்கி கிராமத்தை விழுங்கிய புதிய நகரம்தான் திமித்ரோவ்கிராத். கம்யூனிஸ்ட் தலைவர் கியோர்கி திமித்ரோவின் பெயரால் 1947இல் இளைஞர் படைகள் வந்து கட்டிய ஊர். உரத் தொழிற்சாலைக்காகவே எழுந்த நகரம். நான் பிளோவ்திவ் வழியாக ரயிலில் அங்கே போயிருக்கிறேன். அகலமான வீதிகள், வரிசையாகப் பூங்காக்கள். அந்தக் காலத்து இளைஞர்களின் உற்சாகம் கட்டிடங்களில் இன்னும் தெரிகிறது.

இரண்டாவது திமித்ரோவ்கிராத் செர்பியாவில் இருக்கிறது. அதன் அசல் பெயர் த்சாரிப்ரோத். பல்கேரியாவின் எல்லை நகரமாக இருந்தது. முதல் உலகப் போரில் தோற்ற பல்கேரியா 1919 நியூயி ஒப்பந்தத்தில் அதை இழந்தது. 1950இல் யூகோஸ்லாவியா அதற்குத் திமித்ரோவ்கிராத் என்று பெயர் வைத்தது. அங்கே பல்கேரிய இனத்தவர் இன்றும் கணிசமாக இருக்கிறார்கள், பேச்சுவழக்கில் த்சாரிப்ரோத் இன்னும் சாகவில்லை. மூன்றாவது ரஷ்யாவில். மெலெகெஸ் என்றிருந்த ஊருக்கு 1972இல், திமித்ரோவின் தொண்ணூறாவது பிறந்த ஆண்டில், அந்தப் பெயர் வந்தது.

இதில் ரயில்காரர்களுக்கு ஒரு விசேஷம். பெல்கிரேடிலிருந்து சோபியா வழியாக இஸ்தான்புல் போகும் பழைய ரயில்பாதை 1888இல் முழுமையானது. ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் ஓடிய வழி அது. அந்த ஒரே பாதையில் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு திமித்ரோவ்கிராத், இந்தப் பக்கம் சில நூறு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு திமித்ரோவ்கிராத்! போதாக்குறைக்கு பெர்னிக் நகரமும் 1949 முதல் 1962 வரை திமித்ரோவோ என்ற பெயரில் இருந்தது. வர்னாவே 1949 முதல் 1956 வரை 'ஸ்டாலின்' என்ற பெயரில் இருந்தது. சோபியாவில் திமித்ரோவின் உடலை வைத்திருந்த நினைவு மண்டபத்தை 1999இல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். நகரத்தின் பெயரை மட்டும் தொடவில்லை. அந்த ஊரைக் கட்டியவர்களும் அவர்கள் பிள்ளைகளும் அந்தப் பெயரோடுதான் வாழ்ந்திருக்கிறார்கள்.

கோத்ஸே டெல்ச்செவ் என்ற புரட்சிக்காரரின் பெயர் இன்னும் சிக்கல். 1872இல் இன்றைய கிரேக்க நாட்டுக் கில்கிஸில் பிறந்து 1903இல் கொல்லப்பட்டவர். பல்கேரியாவில் நெவ்ரோகோப் என்ற ஊர் 1951 முதல் கோத்ஸே டெல்ச்செவ். அதற்கு முந்தின ஆண்டே யூகோஸ்லாவிய மாசிடோனியாவில் த்சாரெவோ செலோ டெல்ச்செவோ ஆகிவிட்டது. நெவ்ரோகோப் என்ற பழைய பெயரோ எல்லை தாண்டி கிரேக்க நாட்டில் காத்தோ நெவ்ரோகோபி, 'கீழ் நெவ்ரோகோப்', என்று உயிரோடிருக்கிறது. டெல்ச்செவ் எங்கள் ஆள் என்று இரண்டு நாடும் சொல்கின்றன. வட மாசிடோனியாவின் ஐரோப்பிய ஒன்றியப் பேச்சுவார்த்தையை 2020இல் பல்கேரியா தடுத்து நிறுத்தியபோது, இந்த மாதிரிச் சரித்திரச் சண்டைகளே காரணமாக முன்வந்தன. செத்து நூறு வருடம் தாண்டிய ஒருவரை எந்த நாட்டுக் கணக்கில் எழுதுவது என்பது இன்றைய ராஜாங்க விவகாரமாகிவிடுகிறது.

ஊரிலிருந்து ஆளுக்கு

இதுவரை சொன்னதெல்லாம் கொஞ்சம் வேடிக்கையாகக்கூட இருந்திருக்கும். இனி சொல்வது வேடிக்கையல்ல.

1934இல் ஊர்ப் பெயரை மாற்றிய கை, ஐம்பது வருடம் கழித்து மனிதர்களின் பெயர்மேல் விழுந்தது. 1984–85 குளிர்காலத்தில் பல்கேரிய அரசு தன் நாட்டுத் துருக்கிய இனத்தவர் சுமார் 8 லட்சம் பேரின் பெயர்களைக் கட்டாயமாக மாற்றியது. இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'மறுமலர்ச்சி நடவடிக்கை'. கிராமத்தை போலீஸும் ராணுவமும் சூழ்ந்து நிற்க, ஜனங்களின் கையில் புதிய ஸ்லாவியப் பெயர் எழுதிய அடையாள அட்டை திணிக்கப்பட்டது. எதிர்த்தவர்கள் சிறைக்கும் பெலெனெ முகாமுக்கும் போனார்கள், சிலர் உயிரிழந்தார்கள். இது நடந்த மோம்சில்கிராத், க்ரூமோவ்கிராத் போன்ற ஊர்கள் எல்லாம் முன்பே பெயர் மாறியவை. மெஸ்தான்லி மோம்சில்கிராத் ஆனதும், கொஷுகவக் க்ரூமோவ்கிராத் ஆனதும் 1934இல். ஊரின் பெயரை மாற்றினால் பிரச்சினை தீரும் என்று அன்று நினைத்தார்கள். தீரவில்லை என்றதும் ஆளின் பெயரில் கை வைத்தார்கள்.

1989 மே மாதம் ஜெபெல் முதலான இடங்களில் மக்கள் வீதிக்கு வந்தார்கள். அந்தக் கோடையில் மட்டும் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மூட்டை முடிச்சோடு துருக்கிக்குப் போனார்கள். அதே நவம்பரில் ஷிவ்கோவின் ஆட்சி விழுந்தது. 1990இல் பெயர்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சட்டம் வந்தது. போனவர்களில் ஒரு பெரும் பகுதியினர் திரும்பியும் வந்தார்கள். 2012 ஜனவரியில் பல்கேரிய நாடாளுமன்றமே அந்தக் கட்டாயத்தைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. அது அந்த நாட்டுக்குப் பெருமை. தான் செய்ததைத் தானே தவறு என்று சொல்ல எல்லா நாடாளுமன்றங்களுக்கும் மனசு வருவதில்லை.

ஊர்ப் பெயர்கள் மட்டும் 1934இல் வைத்தபடியே பெரும்பாலும் நின்றுவிட்டன. அது எனக்கு நியாயமாகவும் படுகிறது, வருத்தமாகவும் இருக்கிறது. மூன்று தலைமுறை தொபொலோவ்கிராத் என்றே சொல்லி வளர்ந்த பிறகு அதுவும் அவர்கள் பெயர்தானே! ஆனால் தாத்தா கவக்லி என்று சொன்னால் அவரைத் திருத்தவும் யாருக்கும் உரிமை இல்லை.

காலியாகும் ஊர்கள்

கடைசியாக ஒரு கவலை. 1980களின் பின்பகுதியில் 90 லட்சத்தை எட்டிய மக்கள் தொகை 2021இல் சுமார் 65 லட்சம் என்றேன். பிறப்பு குறைந்தது, இளைஞர்கள் ஜெர்மனிக்கும் இங்கிலாந்துக்கும் வேலை தேடிப் போனார்கள். ஆளே இல்லாத கிராமங்கள் நூற்றுக்கும் மேல். நாட்டிலேயே மிகச் சிறிய நகரமான மெல்னிக்கில் இருப்பது சில நூறு பேர். ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானோர் இருந்த வியாபார ஊர் அது. 1913இல் அங்கிருந்த கிரேக்கர்கள் எல்லைக்கு அப்பால் சிதிரோகாஸ்த்ரோ பக்கம் போய்விட்டார்கள். மெல்னிக்கின் ஒயின் இன்றும் பிரசித்தம். விசித்திரம் பாருங்கள், செக் நாட்டிலும் மெல்னிக் என்று ஒரு ஊர், அதுவும் ஒயினுக்குப் பிரசித்தம்.

பெயரை மாற்றினால் பழைய பெயரை நினைவில் வைக்க யாராவது இருப்பார்கள். ஆள் எல்லோரும் போய்விட்டால் எந்தப் பெயரையும் சொல்ல ஆளில்லை. பட்டியலில் ஐந்து இலக்கக் குறியீட்டு எண்ணோடு ஊர் இருக்கும், கதவைத் தட்டினால் திறக்க ஆள் இருக்காது. தபால்காரனாக இருந்தவனுக்கு இதைவிடப் பெரிய துக்கம் வேறில்லை.

இந்த மலரைப் புரட்டிக்கொண்டிருக்கும் இன்றைய வரலாற்று மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. எந்த நாட்டின் சரித்திரத்தை எடுத்தாலும் மன்னர் பட்டியலுக்கு முன்னால் ஊர்ப் பட்டியலைப் பாருங்கள். ஒரே பெயர் இரண்டு இடத்தில் வந்தால் நின்று ஏன் என்று கேளுங்கள். மண்ணா, மரமா, சந்தையா, வீரனா, அல்லது ஓர் அரசாங்க உத்தரவா என்று பிரித்துப் பாருங்கள். உத்தரவு என்று தெரிந்தால், உத்தரவு வருவதற்கு முந்தின நாள் அந்த ஊர்க்காரன் தன் ஊரை என்னவென்று சொன்னான் என்று தேடுங்கள். வயதானவர்கள் இருக்கும்போதே கேட்டு, தேதி போட்டு எழுதி வையுங்கள். அப்புறம் கேட்க ஆள் கிடைக்காது.